கோதுமைக்கு அடுத்து எது?

ஒரு பானம் மனத்துக்குப் பிடித்துப்போய், நாவும் அதற்கு நன்றாகப் பழகிவிட்ட பிறகு, வேறொன்றைத் தேடி அலைவானேன் என்று கேட்பவர்களிடம் எனக்கு எவ்வித விரோதமும் கிடையாது. மியூனிக் நகரத்துப் பீர்க்கூடங்களில் ஒரே மூலையில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, வாலிப வயதில் தொடங்கிய அதே பீரை முதுமையிலும் மாற்றாமல் அருந்திக்கொண்டு, தங்களுக்கென்று இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கல்ஜாடியைத் தவிர வேறு பாத்திரத்தைத் தொடாத பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ரசனை குறுகியது என்று சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. நான் இங்கே எழுதப்போவது அவர்களுக்காக அல்ல. தனக்குப் பிரியமான ஒன்றை வைத்துக்கொண்டே, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆவல் பிறந்துவிட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த ஆவல் பிறந்தவர்களுக்கு ஜெர்மனியில் முதல் சங்கடம் கடையிலேயே காத்திருக்கிறது. பானங்களை மட்டும் விற்கும் பெரிய கடைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பதைத் தவிர, ஒவ்வொரு பாட்டிலாகவும் எடுத்துக்கொள்ளலாம், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 8 சென்ட் முன்பணமும் திரும்பி வரும். ஆகையால் பரிசோதனைக்குப் பெரிய செலவில்லை. ஆனால் எதை எடுப்பது? சிலர் லேபிளின் அழகைப் பார்த்து எடுக்கிறார்கள். சிலர், புதியது என்றால் பழையதற்கு நேர் விரோதமாக இருக்கவேண்டும் என்று எண்ணி, அலமாரியிலேயே மிக விசித்திரமான ஒன்றைத் தேர்ந்து வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, ‘நமக்கு நம் பழைய சரக்கே போதும்’ என்று ஒரேயடியாகத் தீர்மானித்துவிடுகிறார்கள். இவ்விதம் ஒரே மாலையில் முடிந்துபோன ரசனைப் பிரயாணங்கள் பல எனக்குத் தெரியும்.

பீர் வகைகளைப் பட்டியலிட்டு விளக்கும் நூல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகப் படிக்கலாம், ஆனால் அந்தப் பாகுபாடே அவ்வளவு பழமையானதல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பீரை இன்ன வகை, இன்ன வகை என்று உலகளாவிய முறையில் பிரித்து எழுதும் வழக்கம், மைக்கேல் ஜாக்ஸன் என்னும் இங்கிலாந்துப் பத்திரிகையாளர் 1977-இல் வெளியிட்ட உலகப் பீர் வழிகாட்டி நூலிலிருந்துதான் பரவலாயிற்று. (பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், இவர் யார்க்‌ஷயரில் பிறந்தவர், ஆடலோ பாடலோ அறியாதவர்.) அதற்கு முன்னால் ஒவ்வோர் ஊரும் தன் தண்ணீருக்கும் தானியத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் ஏற்றபடி ஏதோ ஒன்றைக் காய்ச்சியது, அதற்குப் பெரும்பாலும் அந்த ஊரின் பெயரே பெயராக இருந்தது. இன்றைய பட்டியல்களில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. புதியவர் ஒருவருக்கு அந்தப் பட்டியலைக் கொடுத்து ‘ஒன்றைத் தேர்ந்துகொள்’ என்று சொல்வதால் உபகாரம் எதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்த யுக்தி ஒன்றே ஒன்றுதான். இப்போது பிடித்திருக்கும் பீரில் உனக்குப் பிடித்தது எது என்று முதலில் கண்டுபிடி. அதை ஒரு கையால் பற்றிக்கொண்டே மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார். தானியம், ஈஸ்ட், ஹாப்ஸ், காய்ச்சும் முறை ஆகிய இவற்றில் ஒன்று மாறும்போது மற்றவை மாறாதிருந்தால், மாறியது எது என்று நாவுக்குத் தெரியும். எல்லாமே ஒரே சமயத்தில் மாறிவிட்டால் நாவுக்கு ஒன்றும் புரியாது, வெறுப்புத்தான் மிஞ்சும். கேட்பதற்கு இது மிகவும் எளிய உபாயமாகத் தோன்றினாலும், நடைமுறையில் முதல் படியே கஷ்டமானது. ஏனெனில், தனக்கு என்ன பிடிக்கிறது என்பதை அறிந்தவர்கள் அநேகர். அது ஏன் பிடிக்கிறது என்பதை அறிந்தவர்கள் சொற்பம்.

மியூனிக்கில் வேலைக்கு வந்து எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் நம்மூர்த் தம்பி ஒருவருடைய அனுபவத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அவர் ஊரில் இருந்தவரை எல்லோரையும் போல லாகரையே அறிந்தவர். இங்கே வந்த கொஞ்ச காலத்திலேயே பவேரியாவின் கோதுமைப் பீரான வைஸ்பியரிடம் மனத்தைப் பறிகொடுத்து, வேறு எதையும் தொடாதவராகிவிட்டார். ஒரு நாள் மாலை என் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது அவரே விஷயத்தை எடுத்தார்.

“அண்ணா, இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா இதையே குடிச்சிட்டிருக்கேன். அடுத்து எதைப் பாக்கலாம்?”

“இதுல என்ன பிடிச்சிருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல.”

“நல்லா இருக்குண்ணா. அவ்வளவுதான்.”

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் ஒன்றும் சிபாரிசு செய்ய முடியாது. ஆகையால் வேறு ஒரு பாட்டிலைத் திறந்து, ஊற்றுவதிலிருந்தே தொடங்கினோம். வைஸ்பியரை ஊற்றுவதற்கு ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. அடி குறுகி மேலே விரிந்த, அரை லிட்டர் பீரும் அதன் நுரையும் கொள்ளும் உயரமான கிளாஸை முதலில் குளிர்ந்த நீரில் அலசிக்கொள்ள வேண்டும், உலர்ந்த கிளாஸில் நுரை கட்டுக்கடங்காமல் பொங்கிவிடும். பிறகு கிளாஸை நன்றாகச் சாய்த்து, உள்பக்கத்துச் சுவரோடு பீர் வழுக்கி இறங்கும்படி நிதானமாக ஊற்றி, பாட்டிலில் இரண்டு விரற்கடை மிஞ்சியிருக்கையில் நிறுத்தி, அந்த மிச்சத்தைச் சுழற்றிச் சுழற்றி, அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் வண்டல் கலங்கியதும் அதையும் நுரையின் நடுவில் ஊற்றவேண்டும். அப்போதுதான் அந்தக் கலங்கலான பொன்னிறமும் மணமும் பூரணமாக வெளிப்படும். கிளாஸோடு கிளாஸை இடித்துக்கொள்ளும்போது கனமான அடிப்பாகத்தால் இடிப்பதே இங்கத்திய வழக்கம். மேல் விளிம்பு மெல்லியது. எலுமிச்சைத் துண்டு ஒன்றை விளிம்பில் செருகித் தரும் உணவகங்களும் உண்டு. எலுமிச்சையின் எண்ணெய் நுரையை அடக்கி, நாம் தேடிக்கொண்டிருக்கும் வாசனையை மறைத்துவிடுவதால், நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவது வழக்கம்.

“குடிக்காதீங்க, மோந்து பாருங்க” என்றேன். அவர் முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். “வாழைப்பழம்” என்றார். ஜெர்மானியர்களும் வாழைப்பழம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது கடையில் கிடைக்கும் ஒரே ஒரு பழம். ரஸ்தாளியும் பூவனும் மலைப்பழமும் கற்பூரவல்லியும் வெவ்வேறு வாசனை என்று அறிந்த மூக்குக்கு அந்தப் பதில் போதாது. தோல் கறுத்துத் தளர்ந்த ரஸ்தாளித் தாரைத் தொங்கவிட்டிருக்கும் அறைக்குள் நுழைவது போன்ற ஒரு மணம் அது என்பது என் அபிப்பிராயம். பிறகு, பழத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதே என்று அவரே கண்டுபிடித்தார்: கிராம்பு.

உண்மையில் அந்தப் பீரில் பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. இரண்டு மணத்தையும் உண்டாக்குவது ஈஸ்ட். பழ மணத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்னும் எஸ்டர். கிராம்பு மணத்துக்குக் காரணம் 4-வினைல்குவாயகோல் என்னும் ஃபீனால். மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில், சுமார் 45 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால், தானியத்தின் உமிப் பகுதியிலிருந்து ஃபெருலிக் அமிலம் அதிகமாகப் பிரிந்து வரும். பின்னால் ஈஸ்ட் அதைக் கிராம்பாக மாற்றிக்கொள்ளும். நொதிக்கும்போது கொஞ்சம் வெப்பமாக விட்டால் வாழைப்பழம் மேலோங்கும். இந்த இரண்டு கடிவாளங்களையும் எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு விடுவது என்பதில்தான் ஒவ்வோர் ஆலையின் கைவண்ணமும் இருக்கிறது. ஃப்ரைஸிங் நகரத்து வைஹென்ஸ்டெஃபானில் பாதுகாக்கப்படும் 68-ஆம் எண் ஈஸ்ட்தான் இன்று உலகெங்கும் இந்த வகைக்கு அதிகமாகப் பயன்படுகிறது. ஆயினும் அந்த ஆலையின் பீரில் பழம் முந்திக்கொண்டு வருவதாகவும், கெல்ஹைம் ஊரின் ஷ்னைடர் பீரில் கிராம்பு முந்துவதாகவும் என் மூக்கு சொல்கிறது. தம்பிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். அவர் தயக்கமின்றி ஷ்னைடரைக் காட்டினார். அவருடைய மனைவி வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, மற்றதைக் காட்டினார். ஒரே பீர் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த தம்பதிக்கு உண்மையில் பிடித்தது இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பவேரியாவின் பிரபுக்கள் 1516-இல் இங்கோல்ஷ்டட் நகரில் பிறப்பித்த பிரசித்தமான சட்டம், பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் கூடாது என்று விதித்தது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அப்படியிருக்கக் கோதுமைப் பீர் எப்படிப் பிழைத்தது? டேகன்பெர்க் என்னும் ஒரு பிரபு வம்சத்துக்கு மட்டும் விசேஷ அனுமதி இருந்தது. 1602-இல் அந்த வம்சம் சந்ததியில்லாமல் அற்றுப்போகவே, உரிமை ஆட்சியாளரான முதலாம் மாக்ஸிமிலியனிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை ராஜாங்க ஏகபோகமாக்கி, கெல்ஹைமில் 1607-இல் எழுந்த ஆலை உட்படப் பல ஆலைகளை நடத்திப் பொக்கிஷத்தை நிரப்பிக்கொண்டார். சட்டத்தை இயற்றியவர்களின் வம்சமே அந்தச் சட்டத்துக்கு விலக்கான பீரை விற்றுப் பணம் சேர்த்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிற்காலத்தில் ஜனங்களுடைய மோகம் பார்லி லாகர் பக்கம் திரும்பி, கோதுமைப் பீர் ஏறக்குறைய மறைந்துபோகும் தறுவாயில், 1872-இல் கேயார்க் ஷ்னைடர் என்பவர் இரண்டாம் லுட்விக் மன்னரிடமிருந்து அதைக் காய்ச்சும் உரிமையைப் பெற்றார். மியூனிக்கில் இருந்த அவர்களுடைய ஆலை 1944-இல் குண்டுவீச்சில் அழிந்தபோது, குடும்பத்தார் ஏற்கெனவே வாங்கியிருந்த அதே கெல்ஹைம் ஆலைக்குத் தொழில் முழுவதும் இடம்பெயர்ந்தது.

சரி, தேர்வுக்கு வருவோம். ஈஸ்ட்டைப் பற்றிக்கொண்டு தானியத்தை மாற்றினால் முதலில் எதிர்ப்படுவது டுங்கெல் என்னும் கரும் வைஸ்பியர். ஆழ்ந்து வறுத்த மால்ட் சேர்வதால், பழத்தோடு ரொட்டியின் மேல்தோலும் காய்ச்சிய சர்க்கரையும் கலந்த ருசி. வடிகட்டித் தெளியவைத்த கிறிஸ்டால் வகையைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. எதற்காக இதை விரும்பினோமோ அதில் ஒரு பாதியை வடிகட்டி எடுத்துவிட்டு விற்கிறார்கள். டுங்கெலுக்கு அப்பால், அதே பாதையில், 1907 முதல் ஷ்னைடர் காய்ச்சிவரும் அவென்டினுஸ் இருக்கிறது. 8.2 சதவீதச் சாராயம் கொண்ட இந்த வைஸன்பாக் என்னும் வலுவான கோதுமைப் பீரில் உலர்ந்த திராட்சையும் அத்திப்பழமும் மணக்கும். இதை அரை லிட்டர் கிளாஸில் தாகத்துக்குக் குடிப்பது மடமை. குளிர்காலத்து இரவில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பாட்டிலை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் சரியாக இருக்கும். தம்பியின் மனைவிக்கு நான் இதைத்தான் சொன்னேன். அவர் அங்கேயே தங்கிவிட்டார். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஹாப்ஸை மட்டும் மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2007-இல் ஷ்னைடரின் தலைமைக் காய்ச்சுநர் ஹன்ஸ்-பேட்டர் ட்ரெக்ஸ்லரும், நியூயார்க்கின் புரூக்ளின் ஆலையைச் சேர்ந்த காரெட் ஆலிவரும் கூடிச் செய்த ஹோப்ஃபன்வைஸெ, கோதுமைப் பீரின் உடம்பில் அமெரிக்கர்களுக்குப் பிரியமான ஹாப்ஸ் மணத்தை ஏற்றியது. இந்திய பேல் ஏல் என்னும் கசப்புப் பீரை நேராக எடுத்துக் குடித்துவிட்டு முகம் சுளித்த பலர், இதன் வழியாக அந்தக் கசப்புக்குப் பழகியிருக்கிறார்கள்.

இனி, கோதுமையைப் பற்றிக்கொண்டு ஈஸ்ட்டை மாற்றினால் எல்லையைத் தாண்டிப் பெல்ஜியத்துக்குப் போகவேண்டும். ஹூகார்டன் என்னும் சிற்றூரில் ஒரு காலத்தில் ஏராளமாகக் காய்ச்சப்பட்ட வெண்பீர், லாகரின் போட்டிக்குத் தாங்காமல் 1950-களில் கடைசி ஆலையும் மூடப்பட்டு மறைந்துபோயிற்று. வாலிபத்தில் அந்த ஆலையில் ஒத்தாசை செய்தவரும், தொழிலால் பால்காரருமான பியர் செலிஸ், ருசியின் ஞாபகத்தை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்டு 1966-இல் அதை மீண்டும் உயிர்ப்பித்தார். இன்று உலகத்தில் எத்தனை நாடுகளில் வெண்பீர் காய்ச்சுகிறார்களோ, அத்தனைக்கும் மூலம் அந்தப் பால்காரர்தான். முளைகட்டாத கோதுமை, கசப்பு ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை ஆகியவை அதன் சேர்மானங்கள். மல்லி என்றதும் நமக்குச் சாம்பார்ப்பொடி நினைவு வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் வறுக்காத மல்லியை நசுக்கினால் அதில் ஒரு நாரத்தை வாசனை எழும், அதுதான் இங்கே வேலை செய்கிறது. தம்பிக்கு இது பிடித்தது. ஆனால் “கொஞ்சம் மெலிசா இருக்கு, அண்ணா” என்றார். கிராம்பு குறைந்ததைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து வருவது புளிப்பு. இங்கே பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள்; நானோ இதற்காகவே கோதுமையின் பின்னால் வந்தவன். தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலத்தால் புளிக்கும் பெர்லினர் வைஸெ, மூன்று சதவீதம் அளவே சாராயம் கொண்ட, வெயிலுக்கு ஏற்ற பானம். பெர்லினில் அதில் சிவப்பு அல்லது பச்சை நிறச் சிரப்பை ஊற்றி, உறிஞ்சுகுழலோடு தருவார்கள். சிரப் இல்லாமல் கேட்டு வாங்குங்கள் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இதன் உறவினரான கோஸெ இன்னும் விசேஷமானது: புளிப்போடு உப்பும் கொத்தமல்லியும் சேர்ந்தது. கோஸ்லார் ஊரில் பிறந்து, லைப்ஸிக் நகரத்தில் செல்லமாக வளர்ந்து, 1966-இல் கடைசி ஆலையும் நின்றுபோய், இருபது வருஷத்துக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனிக் காலத்திலேயே ஓர் உணவகக்காரரின் பிடிவாதத்தால் மீண்டு வந்தது. லைப்ஸிக்கில், பவேரியாவை நோக்கி ரயில்கள் புறப்பட்ட 1842-ஆம் வருஷத்துப் பழைய ரயில் நிலையக் கட்டிடத்திலேயே இப்போது ஒரு கோஸெ ஆலை நடக்கிறது. உப்பும் புளிப்பும் ஒரே டம்ளரில் சேர்வதில் தமிழனுக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. நான் இதுவரை கொடுத்த நம்மவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

கோஸெ பழகிய பிறகுதான், அதற்கு முன்னால் ஒருபோதும் அல்ல, பிரஸ்ஸல்ஸ் பக்கம் போகவேண்டும். நகரத்தைச் சூழ்ந்த சென் நதிப் பள்ளத்தாக்கில் காய்ச்சும் லாம்பிக் பீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. ஆகையால் நம் இழை இன்னும் அறுந்துவிடவில்லை. ஆனால் மற்ற எல்லாமே தலைகீழ். ஹாப்ஸை எல்லோரும் புதிதாகத் தேடும்போது, இவர்கள் சில வருஷம் பழசாகிக் கசப்பும் மணமும் போனதைத் தேடி எடுத்து, கெடாமல் காக்கும் குணத்துக்காக மட்டும் போடுகிறார்கள். எல்லோரும் ஈஸ்ட்டைக் கவனமாக வளர்த்துச் சேர்க்கும்போது, இவர்கள் ஒன்றையும் சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றை, கூரையடியில் இருக்கும் அகன்ற, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்து வைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த காற்றோடு வந்து விழும் நுண்ணுயிர்களும், பிறகு மரப் பீப்பாய்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அதை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மாற்றுகின்றன. குளிர்கால மாதங்களில்தான் காய்ச்ச முடியும். கோடையில் வேண்டாத விருந்தாளிகள் அதிகம்.

ஆண்டர்லெக்ட் பகுதியில், தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1900-இல் தொடங்கிய கன்டியோன் ஆலை இருக்கிறது. ஆலையே காட்சிசாலையும் ஆதலால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வண்டிகள் பழுதுபார்க்கும் கொட்டகை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். உள்ளே மரமும் ஈரமும் பழைய ஆப்பிளும் கலந்த ஒரு நெடி. பீப்பாய் வரிசைகளுக்கிடையே சிலந்திக் கூடுகள் அப்படி அப்படியே தொங்குகின்றன. அசட்டையால் விட்டுவைத்ததல்ல. பழங்கள் ஊறும் இடத்தில் ஈக்கள் மொய்க்கும். மருந்தடித்தால் காற்றில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் சாகும். ஆகையால் ஈயைப் பிடிக்கும் உத்தியோகம் சிலந்திகளுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அங்கே முதலில் குடிக்கத் தருவது நுரையில்லாத இளம் லாம்பிக். பிறகு குவெஸ்: ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால், இளையதில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து, ஷாம்பெயினைப் போலக் குமிழியிடும். பீர் ருசி பார்ப்பவர்கள் இதன் மணத்தைக் குதிரை லாயத்துக்கு ஒப்பிடுவார்கள், அதுவும் பாராட்டாக. கூர்மையான புளிப்பு, உலர்ந்த வைக்கோல், எலுமிச்சைத் தோல், அதற்குப் பிறகு நாவில் ஒரு துளி இனிப்பும் தங்காத வறட்சி. உலகத்தில் ஒரே ஒரு பீர்தான் எனக்கு அனுமதிக்கப்படும் என்று யாராவது கட்டளையிட்டால், நான் இதைக் கேட்பேன்.

தம்பிக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். மரியாதைக்காக இன்னொரு வாயும் குடித்தார்.

“அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்.”

மீதியை நானே முடித்தேன். கோதுமை இழையின் நுனிவரை போய்விட்டோம், இனி இவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், போஸ்நான் நகரத்துக்கு அலுவல் நிமித்தம் போய்வந்த நண்பர் ஒருவர் க்ரோஜிஸ்கியெ பாட்டில்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். போலந்தில் க்ரோஜிஸ்க் என்னும் ஊரின் பீர் இது. ஓக் மரப் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட் மட்டுமே இதில் சேர்கிறது, பார்லி கிடையாது. மூன்று சதவீதச் சாராயம், தெளிந்த நிறம், சோடாவைப் போன்ற துடிப்பு. அந்த ஊரில் 1993-இல் நின்றுபோய், 2015-இல் மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார்கள். எனக்கு இது சுமார்தான். புளிப்பு இல்லாத இடத்தில் எனக்கு உற்சாகம் குறைவு. தம்பியோ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

“இதுலயும் அந்தக் கிராம்பு இருக்குண்ணா. ஆனா புகைக்குள்ள இருக்கு.”

அவருடைய மூக்கைக் குறைவாக மதிப்பிட்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. மரம் புகையும்போது பிறக்கும் வாசனைப் பொருள்களில் முக்கியமானவை குவாயகோல் குடும்பத்தைச் சேர்ந்தவை. வைஸ்பியரில் ஈஸ்ட் உண்டாக்கும் கிராம்பு மணமும் அதே குடும்பம். கோதுமையின் பின்னால் அவரை நான் ஊர் ஊராக அழைத்துக்கொண்டு போயிருக்க, அவர் ஆரம்பத்திலிருந்தே பற்றிக்கொண்டிருந்தது வேறோர் இழை. ஷ்னைடரை அவர் தேர்ந்ததும், வெண்பீரை மெலிசு என்றதும், குவெஸைக் கெட்டுப்போனது என்றதும் இப்போது ஒன்றோடொன்று பொருந்தின.

ஆகவே அவருக்கு அடுத்த ஊர் பம்பெர்க். அங்கே பீச் மரத் தணலின் புகையில் மால்ட்டை உலர்த்திக் காய்ச்சும் பழக்கம் இன்றும் விடாமல் நடக்கிறது. அதில் பிரசித்தி பெற்ற ஷ்லென்கெர்லாவின் மெர்ட்ஸன் முழுக்க முழுக்கப் பார்லி; கறுத்த நிறம், புகையூட்டிய இறைச்சியின் மணம், முதல் கிளாஸில் திகைப்பு. அவர்களே பீர் அட்டையில், முதல் வாயில் விநோதமாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டாம் என்று அச்சிட்டுத் தருகிறார்கள். இதற்குள் நேராகக் குதிக்க வேண்டியதில்லை. அதே ஆலை புகை வைஸன் என்னும் கோதுமைப் பீரும் காய்ச்சுகிறது. அதில் பார்லி மால்ட்டை மட்டும் புகையூட்டி, கோதுமை மால்ட்டைப் புகையூட்டாமல் சேர்த்து, வைஸ்பியர் ஈஸ்ட்டால் நொதிக்கவைக்கிறார்கள். வாழைப்பழமும் கிராம்பும் புகையும் ஒரே கிளாஸில் இருக்கும். ஒரு கால் பழைய ஊரிலும் ஒரு கால் புதிய ஊரிலும் வைத்துக்கொள்வதற்கு இதைவிடத் தோதான பீர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

வருகிற சனிக்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு. பவேரியா டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் வரை போய்வரலாம் என்பதால் தம்பியின் மனைவியும் வருகிறார். அவருக்காக அவென்டினுஸ் கிடைக்கும் இடம் ஒன்றையும் விசாரித்து வைத்திருக்கிறோம். எங்களுக்குள் இன்னும் தீராத சர்ச்சை ஒன்றுதான். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றைக் கடப்பதற்கு முன்பே, ஓபெரே க்யோனிக் வீதியில், ஷ்பெட்சியால் என்னும் இன்னொரு புகைப்பீர் ஆலை இருக்கிறது. அவர்களுடைய லாகரில் புகை சாத்வீகமாக இருப்பதால் அங்கே தொடங்கி, பிறகு பாலத்தைக் கடந்து ஷ்லென்கெர்லாவுக்குப் போவதே முறை என்பது என் கட்சி. தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. நாவு சுத்தமாக இருக்கும்போதே மரப் பீப்பாயிலிருந்து பிடிக்கும் மெர்ட்ஸனைக் குடித்துவிட வேண்டும், வைஸன்கூட அதற்கப்புறம்தான் என்று அவர் வாட்ஸ்அப்பில் நேற்று இரவுகூட எனக்கு நீளமாக எழுதியிருந்தார்.